தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் மாடித்தோட்டம்

வீட்டுக்கு வேண்டிய காய், கீரை, பழங்களில் ஒரு பகுதியை மொட்டைமாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் விளைவித்துக்கொள்வது மாடித்தோட்டம் எனப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2013-14இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் விதையும் பைகளும் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. சென்னையை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் வழிமுறைகள் தேனி, சின்னமனூர், கம்பம் ஆகிய ஊர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. காரணம் காற்று.

காற்றும் பருவமும்

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை இடைவெளிகளின் வழியே இங்கு வேகமாக இறங்குகிறது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். வயலுக்கு ஆடிப்பட்டம் சரி. ஆனால் மாடியில் ஆடியில் நட்ட கத்தரி, தக்காளிக் கன்றுகள் வேர்பிடிக்கும் முன்பே சாய்ந்துவிடும், அல்லது காய்ந்துவிடும். ஆவணி இறுதியில் வீட்டின் மறைவான பக்கம் நாற்றுவிட்டு, 25-30 நாள் கன்றுகளைப் புரட்டாசி இறுதியில் மாடிக்கு ஏற்றலாம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்கும். பைகளை மேற்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில் வைப்பது நல்லது.

மண்ணும் நீரும்

12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் வெறும் செம்மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் எடை 35 கிலோவைத் தாண்டும். பழைய வீடுகளின் தளம் இத்தகைய பல பைகளைத் தாங்காது. மண், தொழுவுரம், நன்கு அலசிய தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் இப்பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. மாடிக்கு வருவதோ குழாய்த் தண்ணீர்தான். ஆகவே அரிசி, காய் கழுவிய நீரைச் சேர்த்துவைத்து ஊற்ற வேண்டும். மண்ணின் மேல் காய்ந்த வாழைச்சருகு போட்டால் ஈரம் சீக்கிரம் போகாது.

எதை வளர்ப்பது

முதலில் கீரை. சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். தக்காளியில் பி.கே.எம். 1 இரகம் இம்மண்ணுக்கு உரியது. 'அன்னஞ்சி' என்னும் உள்ளூர் இரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது. அன்னஞ்சி தேனியை அடுத்துள்ள ஊர்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தின் பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்து ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஆனால் முருங்கைக் கிளை எளிதில் முறியும். மாடியில் அதைக் காய்க்காக வளர்ப்பது வீண்வேலை. இடுப்பளவில் நுனி கிள்ளிக் கீரைக்கு வைத்துக்கொள்ளலாம். காய் வேண்டுமானால் கொல்லையில் தரையில் நட வேண்டும்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையையும் வீட்டில் வளர்க்கலாம். வேர் தரையில் இருக்கட்டும்; கொடியை மட்டும் மாடிப் பந்தலுக்கு ஏற்றினால் வெயில் காலத்தில் கீழுள்ள பைகளுக்கு நிழலும் கிடைக்கும். முறையாகக் கவாத்து செய்யாத கொடியில் இலைதான் மிஞ்சும். கவாத்து செய்து பழகியவர்கள் கம்பம், சுருளிப்பட்டி பக்கம் ஏராளம். முதல் கவாத்துக்கு அவர்களில் ஒருவரை அழைத்து, எந்தக் கணுவில் வெட்டுகிறார் என்று உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.