ஐப்பசி ஈரம்... தறிக்கு வரம், காப்பர் பிரிக்கும் மெஷினுக்குத் தலைவலி!

பல்லடம் என்றதும் விசைத்தறிச் சத்தமும் கறிக்கோழி விலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த இரண்டுக்கும் பின்னால் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும் ஒன்று உண்டு. பழைய ஒயர்! தறி மோட்டாரிலிருந்து கழற்றிய கேபிள், பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட கன்ட்ரோல் போர்டு, வீடு இடிக்கும்போது சுவரிலிருந்து உருவிய ஒயர் என எல்லாமே கடைசியில் வந்து சேருவது பழைய இரும்புக் கடைக்குத்தான்.

ஒயரின் மதிப்பு அதன் வயிற்றுக்குள் இருக்கும் காப்பரில் இருக்கிறது. தடிமனான கேபிள் என்றால் தோலைச் சீவிக் காப்பரை உருவிவிடலாம். தலைமுடி போன்ற மெல்லிய இழைகள் கொண்ட ஒயரில் அது நடக்காது. அதை கிரானுலேட்டரில் போட்டு, ரவை போலப் பொடியாக்கி, பிறகு காப்பரையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். மிக நுண்ணிய துகள்களைப் பிரிக்க உதவுவது 'எலெக்ட்ரோஸ்டாட்டிக் செபரேட்டர்'. லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கும் இந்த மெஷினை, மழைக்கால ஈரக்காற்று தடுமாற வைத்துவிடும் என்பதுதான் பலரும் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம்.

சீப்பு செய்யும் அதே வேலை!

காய்ந்த தலையை பிளாஸ்டிக் சீப்பால் நாலு முறை வாரிவிட்டு, காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுபோனால் அவை தாவி ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்து பார்த்த விளையாட்டு. அதையே மழை பெய்யும் நாளில் செய்து பாருங்கள், சரியாக வராது. பிளாஸ்டிக்கில் தங்கும் நிலை மின்சாரம்தான் இந்த விளையாட்டுக்குக் காரணம். காற்றில் ஈரம் கூடினால் அந்த மின்சாரம் தங்காமல் கசிந்து போய்விடுகிறது.

செபரேட்டரும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. உள்ளே ஓர் உலோக உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். அது எர்த் செய்யப்பட்டிருக்கும். உருளைக்கு எதிரே மெல்லிய கம்பி போன்ற எலெக்ட்ரோடு. அதில் பாய்வது 20,000 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட் என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும்.

காப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த பொடி உருளையின் மேல் மெல்லிய படலமாக விழும்போது, எல்லாத் துகள்களும் மின்னேற்றம் பெறுகின்றன. காப்பர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் வாங்கிய மின்னேற்றத்தை உடனே உருளையிடம் கொடுத்துவிட்டு, சுழலும் வேகத்தில் முன்பக்கமாகத் தெறித்து விழும். பிளாஸ்டிக் கடத்தாது. மின்னேற்றத்தை விடாமல் வைத்துக்கொண்டு உருளையோடு ஒட்டியபடியே சுற்றி வரும். பின்பக்கம் இருக்கும் பிரஷ் அதைத் தட்டிவிடும். முன்னால் ஒரு பெட்டி காப்பருக்கு, பின்னால் ஒரு பெட்டி பிளாஸ்டிக்குக்கு. எந்தப் பக்கமும் சேராத கலவை நடுப்பெட்டியில் விழும், அதைத் திரும்பவும் ஓட்ட வேண்டும்.

ஈரம் உள்ளே வந்தால்...

ஆக, 'காப்பர் கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது' என்ற ஒரே வித்தியாசத்தை நம்பித்தான் மொத்த மெஷினும் நிற்கிறது. ஈரம் அந்த வித்தியாசத்தையே அழித்துவிடுகிறது. எப்படி?

முதலில், காற்றில் ஈரம் அதிகமானால் பிளாஸ்டிக் துகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். துகளில் ஒட்டியிருக்கும் தூசியும் உப்பும் அதில் கரைந்தால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். உருளையில் ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக், காப்பரைப் போலவே மின்னேற்றத்தை இழந்து, காப்பர் பெட்டிக்குப் போய்விடும்.

இரண்டாவது, ஈரத்தில் பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டும். மாவு போன்ற காப்பர் தூள் பிளாஸ்டிக் துகளில் அப்பிக்கொண்டு, அதனுடனே பின்பெட்டிக்குப் போகும்.

மூன்றாவது, எலெக்ட்ரோடைத் தாங்கும் இன்சுலேட்டர்களின் மேலும் ஈரமும் தூசியும் சேர்ந்து படியும். மின்சாரம் அந்த வழியே கசியும், சில நேரம் தீப்பொறியும் பறக்கும். ஆபரேட்டர் வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவார். வோல்டேஜ் குறைந்தால் பிரிப்பும் குறையும்.

நஷ்டம் எவ்வளவு? ஒரு கணக்குக்கு, நாளொன்றுக்கு 1,000 கிலோ பொடி ஓடுகிறது, அதில் பாதி பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பெட்டியில் வெறும் 2 சதவிகிதம் காப்பர் தங்கிவிட்டாலே தினமும் ஏறக்குறைய 10 கிலோ காப்பர் குப்பை விலைக்குப் போகிறது. காப்பர் விலை கிலோ பல நூறு ரூபாய் என்பதால், மாதக் கடைசியில் அது ஆள் கூலியைத் தின்றுவிடும். காப்பர் பெட்டியில் பிளாஸ்டிக் கலந்தாலோ, வாங்குகிறவர் தரம் சரியில்லை என்று விலையைக் குறைப்பார்.

பக்கத்து ஷெட்டில் நேர் எதிர்!

பல்லடத்தில் இந்தக் கதைக்கு ஒரு சுவாரஸ்யமான மறுபக்கம் இருக்கிறது. இங்கே நூலுக்கும் தறிக்கும் ஈரம் வேண்டும். பருத்தி நூல் காய்ந்தால் பலம் குறையும், அறுந்துகொண்டே இருக்கும். நிலை மின்சாரம் சேர்ந்தால் இழைகள் சிலிர்த்து நிற்கும், பஞ்சு பறக்கும். அதனால்தான் நூற்பாலைகளில் 55 - 60 சதவிகிதமும், பருத்தி நெசவு ஷெட்களில் அதைவிடக் கூடுதலாகவும் காற்றின் ஈரப்பதத்தை வைத்துக்கொள்வது வழக்கம். பனித்தூவல் போலத் தண்ணீர் தெளிக்கும் கருவிகள் அதற்காகவே ஓடுகின்றன.

இதில் ஒரு வரலாறும் உண்டு. 'ஏர் கண்டிஷனிங்' என்ற வார்த்தையையே 1906-ல் உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்க ஜவுளித்துறைப் பொறியாளர். இன்று நாம் குளிர்ச்சிக்காகச் சொல்லும் அந்த வார்த்தை, நூல் மில் காற்றில் ஈரத்தைக் கூட்டும் வேலைக்காகப் பிறந்தது.

ஆக, நெசவு ஷெட்டுக்கு ஒட்டிய காலி அறையில் வாடகை மிச்சம் என்று செபரேட்டரைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிலை மின்சாரத்தை விரட்டத் தெளிக்கும் அதே ஈரம், நிலை மின்சாரத்தையே நம்பியிருக்கும் மெஷினுக்குள் புகுந்துவிடும்.

மணவாளக்குறிச்சி சொல்லும் பாடம்

இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டுக்குப் புதிது கிடையாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் இந்தப் பகுதி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்ததிலிருந்து தொடங்கும் கதை அது. மணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கானும் மோனசைட்டும் கடத்தாது. உயர் மின்னழுத்த செபரேட்டர்கள் அவற்றைப் பிரிக்கின்றன.

கடலோரம் என்றால் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அங்கேயும் சமாளிக்கிறார்கள். ரகசியம் எளிமையானது. மணலை முதலில் நன்றாகச் சூடாக்கிக் காயவைத்து, அதன் பிறகே மெஷினுக்கு அனுப்புகிறார்கள். சூடான துகளின் மேல் ஈரம் படியாது.

ஒயர் பொடிக்கும் அதே வழிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. மணலை எவ்வளவு சூடாக்கினாலும் மணல்தான். ஒயர் தோலில் இருக்கும் பிவிசி சூட்டில் இளகி, கட்டிபட்டுவிடும். அதனால் மிதமான வெந்நீர்ச் சூட்டைத் தாண்டாத உலர் காற்றில்தான் காயவைக்க வேண்டும்.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

ஈரமானி வாங்குங்கள்: சில நூறு ரூபாய்க்கே டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. ஆபீஸ் சுவரில் மாட்டாமல் மெஷின் அருகில் மாட்டி, தினமும் குறித்து வையுங்கள். எந்த அளவுக்கு மேல் உங்கள் மெஷின் தடுமாறுகிறது என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும்.

நேரத்தை மாற்றுங்கள்: காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் உச்சத்திலும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒயர் வெட்டுவதைக் காலையிலும், பிரிப்பதை மதியத்துக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம்.

மெஷினைச் சுற்றி மட்டும் சூடாக்குங்கள்: 25 டிகிரியில் 85 சதவிகித ஈரப்பதம் உள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீரை வெளியேற்றாமலே ஈரப்பதம் ஏறக்குறைய 48 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். முழு ஷெட்டையும் சூடாக்கினால் வேலை செய்கிறவர்கள் வெந்துபோவார்கள். மெஷினின் மூடிய பெட்டிக்குள் மட்டும் வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தினால் போதும்.

சாக்கைத் தரையில் வைக்காதீர்கள்: சிமென்ட் தரை ஈரத்தைக் கசியவிடும். பொடி மூட்டைகளை மரப் பலகை மேல் அடுக்கி, மூடி வையுங்கள். மழையில் நனைந்த ஒயரை அன்றே வெட்ட வேண்டாம்.

இன்சுலேட்டரைத் துடையுங்கள்: மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, மிச்ச மின்னேற்றத்தை எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும். இதில் குறுக்குவழி உயிருக்கு ஆபத்து.

"தண்ணீரிலேயே பிரித்துவிட்டால் ஈரப் பிரச்னையே இல்லையே?" என்று கேட்கலாம். உண்மைதான். காப்பர் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு கனம். அதிரும் மேஜையில் தண்ணீர் ஓடவிட்டால் பிளாஸ்டிக் அடித்துக்கொண்டு போக, காப்பர் தங்கிவிடும். ஆனால், அழுக்குத் தண்ணீரை எங்கே விடுவது? நொய்யல் மாசு வழக்கில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வழி இருந்தால் மட்டுமே இந்த முறை சரிப்படும்.

மெஷின் நின்றால் எரியும் ஒயர்

இது வெறும் லாப நஷ்டக் கணக்கு மட்டும்தானா? மழைநாளில் மெஷின் சரியாகப் பிரிக்கவில்லை, சரக்கு தேங்குகிறது, பணம் வேண்டும் என்ற நெருக்கடி வரும்போது கண்ணில் படும் சுலபமான வழி, தீ வைப்பது. பிவிசி தோலோடு ஒயரைத் திறந்தவெளியில் எரித்தால் நெஞ்சைக் கமறும் அமிலப் புகையோடு, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய டையாக்ஸினும் வெளியேறும். அது மண்ணிலும் மேய்ச்சல் புல்லிலும் படிந்து, பாலிலும் முட்டையிலும் ஏறி நம் வீட்டுக்கே திரும்பி வரும். கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடத்துக்கு இது சாதாரண விஷயமில்லை.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் பங்கும் இருக்கிறது. பழைய மிக்ஸி, சார்ஜர், டிவியைக் கொடுக்கும்போது, "இதை எரிக்காமல் பிரிக்கிறவங்களுக்குத்தானே அனுப்புறீங்கண்ணா?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடைமழையிலும் அந்த மெஷின் சரியாக ஓடினால், ஊரில் ஒரு ஒயர்க் குவியல் எரியாமல் தப்பிக்கும்.