மரத்தரை

மரத்தரை என்பது கட்டிடங்களில் நடமாடும் பரப்பாக மரப்பலகைகளைப் பதித்து அமைக்கப்படும் தரை ஆகும். வீடுகளுக்கான மரத்தரைகள் முழுமரத் தரை, அடுக்குமரத் தரை என இரு வகைப்படும். முழுமரத் தரையின் ஒவ்வொரு பலகையும் ஒரே மரத்துண்டில் இருந்து அறுக்கப்படுவது. அடுக்குமரத் தரையின் பலகையில் மேலே நல்ல மரத்தாலான மெல்லிய அடுக்கும், அதன் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட வேறு மர அடுக்குகளும் இருக்கும். கடைகளில் இவை முறையே சாலிட் வுட், எஞ்சினியர்டு வுட் என்ற பெயர்களில் விற்கப்படுகின்றன.

பதித்த பின்னர் இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆனால் ஈரப்பதம் மாறும்போது இவை வெவ்வேறு விதமாக அசைகின்றன. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்குவதும், வடகிழக்குப் பருவமழையின் போது காற்றில் ஈரம் மிகுவதுமான திருவண்ணாமலை போன்ற உள்நாட்டு ஊர்களில், எந்த வகை பொருந்தும் என்பதை இவ்வேறுபாடே பெரிதும் தீர்மானிக்கின்றது.

தமிழகக் கட்டிட மரபில்

தமிழகச் சமவெளி வீடுகளில் மரம் பெரும்பாலும் தலைக்கு மேலேயே இடம் பெற்றது. தூண், உத்திரம், கதவு, நிலை, மச்சு ஆகியவை மரத்தாலானவை. காலுக்குக் கீழே கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து, பிற்காலத்தில் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெந்து, கடப்பைக் கல், மொசைக் ஆகியவை பயன்பட்டன. திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலின் பிரகாரங்களிலும் கருங்கல் பாவப்பட்டுள்ளது.

மரத்துக்குக் குறைவில்லாத கட்டிடங்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவில் இருந்து தேக்கு தருவிக்கப்பட்டது. அதில் தூண்களும் கதவுகளும் செய்யப்பட்டன. தரைக்கோ ஆத்தங்குடிக் கற்களும் பளிங்கும் இடப்பட்டன. மரவேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்ற, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் புகழ்பெற்ற மின்னும் கருந்தரையும் மரத்தாலானது அன்று. அது சுண்ணாம்பு, சிரட்டைக்கரி முதலியவை கலந்த சாந்தினால் ஆனது எனக் கூறப்படுகின்றது. நாள்தோறும் நீர்விட்டுத் துடைக்கும் பழக்கமும் கறையானும் இதற்கான காரணங்களாகக் கருதத்தக்கவை. குளிர் மிகுந்த நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்து மாளிகைகளில் மரத்தரைகள் அமைக்கப்பட்டன.

மரமும் ஈரப்பதமும்

மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை உள்ளிழுத்து வெளிவிடும் தன்மை உடையது. சார்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக நீடித்தால் மரத்தின் நீரளவு ஏறத்தாழ 8 விழுக்காட்டில் நிலைபெறும். சார்பு ஈரப்பதம் 75 விழுக்காடானால் அது ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்கு உயரும். நீரளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகின்றது.

இச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினது அன்று. பச்சை நிலையில் இருந்து முற்றிலும் உலரும் வரை தேக்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், மையத்தில் இருந்து பட்டை நோக்கிய திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். வெள்ளை ஓக்கு மரத்துக்கு இவ்வளவுகள் முறையே 10.5, 5.6 விழுக்காடு ஆகும். நீளவாக்கில் பெரும்பாலான மரங்கள் 0.1 முதல் 0.2 விழுக்காடு மட்டுமே சுருங்குகின்றன.

எடுத்துக்காட்டாக, 120 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகைகளால் 3 மீட்டர் அகல அறை ஒன்றில் தரை அமைப்பதாகக் கொள்வோம். அகலவாக்கில் 25 பலகைகள் தேவைப்படும். நீரளவு 8 இல் இருந்து 14 விழுக்காடாக மாறுவது மேற்கூறிய 30 விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே பலகையின் அகலம் வளையங்களின் போக்கில் அமைந்திருந்தால், ஒரு தேக்குப் பலகை ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டரும், வெள்ளை ஓக்குப் பலகை 2.5 மில்லிமீட்டரும் விரியும். அறை முழுவதற்கும் தேக்கில் 35 மில்லிமீட்டரும், ஓக்கில் 63 மில்லிமீட்டரும் கூடும். மேற்பூச்சு ஈரம் ஏறி இறங்குவதைத் தாமதப்படுத்துவதால் நடைமுறையில் அசைவு இதனினும் குறையும்.

கோடையில் இடைவெளியின்றி நெருக்கிப் பதித்த முழுமரத் தரை, மழைக்காலத்தில் விரிய இடமின்றி மேலெழும்புவதும், மழைக்காலத்தில் பதித்த தரை கோடையில் பிளவு காட்டுவதும் இதனாலேயே. மேற்பரப்பு உலர்ந்திருக்க அடியில் ஈரம் ஏறினால் பலகையின் விளிம்புகள் உயர்ந்து கிண்ணம் போல் வளையும்.

முழுமரத் தரை

முழுமரப் பலகைகள் பொதுவாக 18 முதல் 20 மில்லிமீட்டர் தடிப்புள்ளவை. ஒரு பலகையின் விளிம்பில் உள்ள நாக்கு, அடுத்த பலகையின் காடியில் பொருந்தும். இவை பெரும்பாலும் மரச்சட்டங்கள் அல்லது ஒட்டுப்பலகையின் மீது ஆணியால் அறையப்படுகின்றன. நன்கு உலர்த்திய மரம், குறுகிய பலகை, வளையங்களுக்குச் செங்குத்தாக அறுக்கப்பட்ட பலகை ஆகியவை அசைவைக் குறைக்கும்.

வைரம் பாய்ந்த தேக்கு குறைவாகச் சுருங்குவதுடன் கறையானையும் எதிர்க்கும். அதே மரத்தின் வெளிப்புற வெண்பகுதிக்கு இவ்வெதிர்ப்பு இல்லை. மியன்மார் 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் உருட்டு மரங்களின் ஏற்றுமதியைத் தடை செய்தது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தேக்கு உத்திரங்கள் காரைக்குடி போன்ற இடங்களில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த இம்மரம் தரைப்பலகைக்கு ஏற்றது.

அடுக்குமரத் தரை

அடுக்குமரப் பலகையில் ஒரு அடுக்கின் இழைகள் அடுத்த அடுக்கின் இழைகளுக்குச் செங்குத்தாக வைக்கப்படுகின்றன. அகலவாக்கில் விரிய முயலும் அடுக்கை, அத்திசையில் அசையாத அடுத்த அடுக்கின் நீளவாக்கு இழைகள் பிடித்து நிறுத்துகின்றன. ஆதலால் இதன் அசைவு முழுமரத்தின் அசைவில் ஒரு சிறு பங்கே ஆகும். சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் கேர் 1941 இல் இவ்வகைத் தரைக்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் குறைகளும் கருதத்தக்கவை. பலகையின் உறுதி அதன் பசையைச் சார்ந்தது. நீர் தேங்கினால் அடுக்குகள் பிரியக்கூடும். சில பசைகளில் இருந்து பார்மால்டிஹைடு ஆவி வெளிப்படும். 2004 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. எனவே ஐரோப்பிய ஈ1 வகுப்போ அதனினும் குறைந்த உமிழ்வோ உள்ள பலகைகளே விரும்பத்தக்கவை.

லேமினேட் தரை இவ்விரண்டிலும் சேராது. அது நார்ப்பலகையின் மீது மரத்தின் படம் அச்சிட்ட தாளை ஒட்டிச் செய்யப்படுவது. அதனை இழைத்துப் புதுப்பிக்க இயலாது.

தேய்மான அடுக்கு

கீறலுற்ற தரையை உப்புத்தாள் இயந்திரத்தால் தேய்த்து மீண்டும் பூச்சிடலாம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.5 முதல் 1 மில்லிமீட்டர் மரம் இழக்கப்படும். முழுமரத் தரையிலும் நாக்குக்கு மேலுள்ள பகுதியை மட்டுமே தேய்க்க இயலும். 19 மில்லிமீட்டர் பலகையில் இது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் ஆகும். மீதித் தடிப்பு தேய்மானத்துக்குப் பயன்படுவதில்லை.

எனவே 4 மில்லிமீட்டர் மேலடுக்குள்ள அடுக்குமரத் தரை, முழுமரத் தரையின் ஆயுளுக்கு வெகுவாகக் குறைந்தது அன்று. மாறாக, 0.6 மில்லிமீட்டர் மேலடுக்குள்ள தரையை ஒருமுறை கூடப் பாதுகாப்பாகத் தேய்க்க இயலாது. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால், வாங்குவோர் பலகையின் மொத்தத் தடிப்பைக் கேட்பதோடு நில்லாமல் மேலடுக்கின் தடிப்பையும் அறிந்துகொள்ள வேண்டும்.

அடித்தளமும் கறையானும்

தரைத்தளத்தில் மண்ணின் ஈரம் சிமெந்துத் தளத்தின் வழியே மேலேறும். இதனைச் சோதிக்க, 45 சென்டிமீட்டர் பக்கமுள்ள பாலித்தீன் தாளின் நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் தளத்துடன் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும். தாளின் அடியில் நீர்த்துளிகள் காணப்பட்டாலோ, தளம் கறுத்திருந்தாலோ அது மரம் பதிக்க ஏற்றதன்று. கறையான் தடுப்புக்கான நடைமுறைகளை ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தரம் விளக்குகின்றது. அடுக்குமரத் தரையின் மேலடுக்கு தேக்காக இருப்பினும், அடி அடுக்குகள் மென்மரமாயின் கறையான் அவற்றைத் தின்னும்.

தேர்வு

மேற்கூறியவற்றில் இருந்து பின்வரும் வழிகாட்டல்களைப் பெறலாம்.

• தரைத்தளத்தில் சிமெந்துத் தளத்தின் மீது நேரடியாகப் பதிப்பதாயின், ஈரத்தடுப்புத் தாளுடன் கூடிய அடுக்குமரத் தரை பொருத்தமானது.
• பகலில் சன்னல் திறந்தும் இரவில் குளிரூட்டி இயங்கியும் ஈரப்பதம் அடிக்கடி மாறும் அறைகளுக்கும் அடுக்குமரமே ஏற்றது.
• மேல்தளத்தில், உலர்ந்த தேக்கும் தேர்ந்த தச்சரும் கிடைக்குமிடத்தில், தலைமுறைகளுக்கு நிலைக்க வேண்டிய வீட்டுக்கு முழுமரத் தரை தகுதியானது. பெயர்த்தெடுத்து மீண்டும் பயன்படுத்தவும் இதுவே எளிது.
• சமையலறை, குளியலறை, வாசல், தாழ்வாரம் ஆகியவற்றுக்கு இரண்டும் பொருந்தா. அங்கே கல்லும் ஓடுமே தக்கவை.

எவ்வகையாயினும் பலகைக் கட்டுகளைப் பிரித்து, பதிக்கவுள்ள அறையிலேயே சில நாட்கள் வைத்திருக்க வேண்டும். சுவரோரங்களில் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதனை மரச்சட்டத்தால் மறைப்பது வழக்கம். அறை அகலமாயின் இவ்விடைவெளி இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

பராமரிப்பு

மரத்தரையை நீர் ஊற்றிக் கழுவுதல் கூடாது. நன்கு பிழிந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். சிந்திய நீரை உடனே ஒற்றியெடுக்க வேண்டும். மணல் துகள்கள் பூச்சைக் கீறுவதால் வாசலில் மிதியடி இடுவது நன்று. நாள்தோறும் தரையைக் கழுவும் வழக்கத்தை விட விரும்பாத வீடுகளுக்கு இவ்விரு வகைகளும் ஏற்றவை அல்ல.