அறியா வினா

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் நிற்பவை. விடையை முன்னரே அறிந்தவர் கேட்பது அறிவினா. அறியாதவர் அறிய விரும்பிக் கேட்பது அறியா வினா. பள்ளிச் சிறார் நாள்தோறும் எதிர்கொள்பவை பெரும்பாலும் அறிவினாக்களே. ‘ஐந்தும் மூன்றும் எத்தனை?’ என்று கேட்கும் ஆசிரியருக்கு விடை தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே பெரியவர் எவர் வினவினாலும், அவர் உள்ளத்தில் கிடக்கும் விடையைத் தேடி எடுத்துக் கொடுப்பதே தன் கடமை என்று அது பழகிக்கொள்கிறது. வகுப்பறையில் இப்பழக்கம் நன்மை பயக்கும். கொடுமைக்கு ஆளானதோ என்று ஐயுறப்படும் குழந்தையின் முன் அமரும் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளருக்கோ இதனினும் பெரிய இடையூறு வேறில்லை.

அறிவினா எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு. 1983ஆம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்து மன்ஹாட்டன் பீச் நகரில், தன் மகனுக்கு அப்பள்ளியில் பாலியல் கொடுமை நேர்ந்தது என்று ஒரு தாய் முறையிட்டார். காவல்துறை ஏறத்தாழ 200 பெற்றோருக்கு மடல் விடுத்தது. ஐயத்துக்குரியவரின் பெயரையும் அவர் செய்திருக்கக்கூடிய செயல்களையும் அம்மடலே எழுதிக்காட்டி, பிள்ளைகளை வினவிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டது. அம்மடல் சென்ற வீடுகளில் அன்றைய இரவு உணவின்போது எத்தகைய வினாக்கள் எழுந்திருக்கும் என்று உய்த்துணர்வது கடினமன்று.

பின்னர் ஒரு தனி நிறுவனம் ஏறத்தாழ 400 குழந்தைகளை வினவியது. கைப்பாவைகளைக் கொடுத்து, பாவையின் வாயால் பேசச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். ‘ஆம்’ என்ற குழந்தை பாராட்டுப் பெற்றது. ‘இல்லை’ என்ற குழந்தையிடம் அதே வினா மீண்டும் மீண்டும் வந்தது. நாளடைவில் பள்ளிக்கு அடியில் சுரங்கவழிகள் இருந்தன என்றும் வானில் பறந்தோம் என்றும் பிள்ளைகள் சொல்லலாயினர். வழக்கு 1990ஆம் ஆண்டு வரை நீண்டது. ஒருவர்மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் குற்றஞ்சாட்டப்பட்டவருள் ஒருவர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சிறையில் கழித்திருந்தார். இவ்வழக்கைப் பேசுவோர் இந்த இழப்போடு நின்றுவிடுவர். இன்னோர் இழப்பும் உண்டு. அந்நானூறு பேருள் ஒரு குழந்தைக்கேனும் உண்மையாகவே தீங்கு நேர்ந்திருந்தால், அதன் சொல்லைப் பிரித்தறியும் வழியையும் அவ்வினாக்களே அடைத்துவிட்டன.

அவ்வினவல்களின் எழுத்துப்படிகளை உளவியலார் சிலர் ஆராய்ந்து, 1998ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மழலையர் காப்பகம் ஒன்றுக்கு ஒருவர் வந்து, கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, செய்யாத தவறுகளை அவர் செய்தாரா என்று குழந்தைகளை வினவினர். விடையைச் சுட்டும் வினாக்களை மட்டும் கேட்டபோது 17 விழுக்காட்டு விடைகள் பொய்யாக ‘ஆம்’ என்றன. மெக்மார்ட்டின் முறைகளாகிய பாராட்டையும், பிறர் சொல்லிவிட்டனர் என்ற கூற்றையும் சேர்த்தபோது அது 58 விழுக்காடாக உயர்ந்தது. இதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. 1995இல் லெய்க்ட்மன், சிசி ஆகியோர் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் கலங்கவைப்பது. வந்துபோன ஒருவரைப் பற்றிப் பல வாரம் தவறான கருத்தூட்டப்பட்ட சிறார், அவர் நூலைக் கிழித்ததையும் பொம்மையை அழுக்காக்கியதையும் விரிவாகச் சொன்னார்கள். இரண்டுமே நடக்கவில்லை. அக்காட்சிப் பதிவுகளைப் பார்த்த துறை வல்லுநர்களால் மெய்யையும் பொய்யையும் பிரிக்க இயலவில்லை. குழந்தை பொய் சொல்லவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அது நம்பியதைச் சொன்னது. கருத்தூட்டாது விடப்பட்ட மற்றக் குழந்தைகளோ பெரும்பாலும் நடந்ததை நடந்தவாறே சொன்னார்கள். எனவே சிறு குழந்தையின் நினைவு நம்பத்தகாதது என்பாரின் கூற்றும் தவறே. பழுது வினவுவோரிடம் தொடங்குகிறது.

இப்பழுதை நீக்க எழுந்த முறைகளுள் பெரிதும் ஆராயப்பட்டது, அமெரிக்கத் தேசியக் குழந்தைநல நிறுவனத்தில் மைக்கேல் லாம்பும் அவர்தம் குழுவினரும் வகுத்த வினவல் நெறி. இஸ்ரேலில் 1955ஆம் ஆண்டிலிருந்தே இளஞ்சிறாரை வினவுவதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற புலனாய்வாளர் உள்ளனர். அவர்களிடையே இந்நெறி களத்தில் ஆய்ந்து பார்க்கப்பட்டு, முடிவுகள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன.

இந்நெறியின் தொடக்கப் பகுதி முழுவதும் ஒரே வேலையைச் செய்கிறது: குழந்தையின் உள்ளத்திலிருந்து அறிவினாவின் பழக்கத்தைக் களைகிறது. ‘நான் அங்கே இல்லை, என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது’ என்கிறார் பணியாளர். ‘எங்கள் வீட்டு நாயின் பெயர் என்ன, சொல் பார்ப்போம்?’ என்கிறார். குழந்தை விழிக்கிறது. ‘தெரியாது’ என்று அது சொன்னதும், ‘சரி, தெரியாததைத் தெரியாதென்றே சொல்லவேண்டும்’ என்று உறுதிப்படுத்துகிறார். வேண்டுமென்றே அதன் அகவையைத் தவறாகச் சொல்லி, திருத்தும் துணிவையும் ஊட்டுகிறார். அடுத்து, அண்மையில் நடந்த ஒரு பிறந்தநாளையோ விழாவையோ முதலிலிருந்து முடிவு வரை சொல்லச் செய்கிறார். இது வெறும் நட்புப் பேச்சன்று; நினைவிலிருந்து கோவையாகச் சொல்வதற்கான ஒத்திகை.

இதன்பின்பே உரிய செய்தி. ‘இன்று என்னோடு பேச எதற்காக வந்தாய், சொல்’ என்று ஒரே வரி. குழந்தை ஏதேனும் சொன்னால், அதன் சொல்லையே பிடித்துக்கொண்டு மேலே செல்லவேண்டும்: ‘கட்டிலுக்குப் பக்கத்தில் என்றாயே, அதைப் பற்றி இன்னும் சொல்.’ யார், எங்கே, எப்போது என்பன பின்னரே வரும். ‘ஆம், இல்லை’ என்று முடியும் வினாக்கள் கடைசிக்கு ஒதுக்கப்படும். நான்கு அகவைக் குழந்தைகூடத் தான் தரும் செய்தியில் ஏறத்தாழப் பாதியைத் திறந்த அழைப்புகளுக்கு விடையாகவே தருகிறது என்று கள ஆய்வுகள் காட்டின. மேலும் கேட்கவேண்டும் என்று பதறும் நாக்கை அடக்கிப் பேசாதிருப்பதே இப்பயிற்சியின் அரிய பகுதி.

தமிழில் வினவுவோர்க்குத் தனி இடர்கள் உண்டு. ‘அடித்தார்தானே?’ என்பதில் உள்ள ‘தானே’ விடையை வாயில் ஊட்டிவிடும். ‘ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?’ என்பது நம் காதில் வினாவாக அன்று, கண்டிப்பாகவே விழும். உறவுச் சொற்களோ இன்னும் சிக்கலானவை. தாயின் உடன்பிறந்தானும் மாமா, எதிர்வீட்டுக்காரரும் மாமா, பள்ளி ஊர்தி ஓட்டுநரும் மாமா. ‘மாமா’ என்ற சொல் எழுதப்பட்டவுடன் எந்த மாமா என்று உறுதிசெய்யாத குறிப்பு, குற்றமற்ற ஒருவரைச் சுட்டிவிடலாம். உடலுறுப்புகளுக்குக் குழந்தை தன் வீட்டில் வழங்கும் பெயரையே வினவுவோரும் வழங்கவேண்டும். நாகரிகம் கருதி மாற்றினால் பொருளும் மாறிவிடும்.

கேட்பது ஒரு பாதி. நோக்குவது மறுபாதி.

ஐவரிகோஸ்ட் நாட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பி என்னும் சிறுமி, நல்ல கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தந்தையின் அத்தையோடு அனுப்பப்பட்டாள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று இலண்டனில் இறந்தாள். அகவை எட்டு, உடலில் 128 காயங்கள். மருத்துவமனைகளும் காவல்துறையும் நகராட்சிகளின் குழந்தைநலத் துறைகளும் அவளை அறிந்திருந்தன. ஆனால் அத்தை சொன்ன ‘அன்னா’ என்ற பெயரால்தான் அறிந்திருந்தன. லார்ட் லேமிங்கின் உசாவல் அறிக்கை 2003இல் வெளிவந்தது. அவளுக்குப் பொறுப்பான பணியாளர் அவளோடு பேசிய நேரத்தையெல்லாம் கூட்டினாலும் அரைமணியை எட்டாது என்பது அதிலிருந்து தெரியவந்தது. வீட்டுக்குச் சென்றபோதும் பேச்சு பெரியவரோடும், அவர் கேட்ட குடியிருப்பைப் பற்றியுமே ஓடியது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. மருத்துவமனையில் அத்தை உள்ளே நுழைந்தவுடன் சிறுமி படுக்கையிலிருந்து இறங்கி விறைத்து நின்றதைச் செவிலியர் கண்டிருந்தனர். ஆண்டானும் அடிமையும் போன்ற உறவு என்று தோன்றியதாகப் பின்னர்ச் சொன்னார்கள். அக்காட்சி உரிய நாளில் உரிய ஏட்டில் ஏறியிருந்தால், அது எந்த வாக்குமூலத்தினும் வலிதாக இருந்திருக்கும்.

குறிப்பெழுதுவதும் ஒரு கலையே. ‘தாய் அன்பில்லாதவர்’ என்பது தீர்ப்பு. ‘குழந்தை விழுந்து அழுதது, தாயை நோக்கவில்லை, கதவருகே நின்ற அக்காளிடம் ஓடியது’ என்பது நோக்கு. முன்னதை மறுக்கலாம், பின்னதை ஆராயலாம். அலுவலர் ஒருவர் வீட்டில் அமர்ந்திருக்கையில் எந்தக் குடும்பமும் இயல்பாக இராது. ஆகவே ஒரு நாள் கண்ட விறைப்பைக் கொண்டு முடிவு கட்டலாகாது. வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாகக் குழப்புவோர் பலர். அரிசிப் பானை காலியாக இருப்பது கொடுமைக்குச் சான்றன்று.

பெற்றோரையும் வினவுவதற்குக் காரணம் உண்டு. 1962ஆம் ஆண்டு ஹென்றி கெம்ப்பும் உடனாய்வாளரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, காயத்துக்கும் பெற்றோர் கூறும் காரணத்துக்கும் இடையிலான பொருந்தாமையை முதன்மை அடையாளமாகக் காட்டியது. 1999இல் அமெரிக்காவில் மூன்று அகவைக்கு உட்பட்ட 973 குழந்தைகளை ஆய்ந்தபோது, ஆறு மாதம் நிரம்பாத 366 பேருள் இருவருக்கே கன்றல் காணப்பட்டது. நடக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இருந்தது. தவழாத குழந்தை தானே மோதிக்கொண்டது என்றால், பணியாளர் எழுதுகோலை எடுக்கவேண்டும். ஓடியாடும் சிறுவனின் முழங்காலில் கன்றல் இருந்தால், பெரும்பாலும் அது விளையாட்டே.

இத்தனையும் கற்றவரும் தவறுவர். பிரிட்டனின் 45 உசாவல் அறிக்கைகளை ஆராய்ந்த ஐலீன் மன்றோ, முதலில் கொண்ட கருத்தைப் பணியாளர் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை என்று 1999இல் எழுதினார். நல்ல குடும்பம் என்று ஒருமுறை உள்ளத்தில் பதிந்துவிட்டால், பின்னர் வரும் சான்றெல்லாம் அதற்கேற்ப வளைக்கப்படும். குழந்தை தன் சொல்லைத் திரும்பப் பெறும்போதும் இதுவே நிகழ்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வழக்குக் கோப்புகள் 257இல் 23 விழுக்காட்டுக் குழந்தைகள் முன்பு சொன்னதை மறுத்தனர் என்று 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டது. குற்றம் சாட்டப்பட்டவர் பெற்றோர் நிலையில் இருந்தபோதும், கொடுமை செய்யாத பெற்றோர் ஆதரவு காட்டாதபோதும் இம்மறுப்பு மிகுந்தது. மறுத்துவிட்டது என்பதால் பொய் என்று கோப்பை மூடுபவர், வீட்டில் யார் அக்குழந்தையோடு பேசினார் என்று கேட்க மறந்தவர்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க நம் நாடு இயற்றிய 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இவற்றுள் சிலவற்றை விதியாகவே வைத்துள்ளது. வாக்குமூலம் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதியப்படவேண்டும். காவலர் சீருடையில் இருத்தலாகாது. குழந்தையைக் காவல்நிலையத்தில் இரவு தங்கவைக்கலாகாது. குழந்தை பேசியவாறே பதியவேண்டும் என்றும், இயன்றவரை ஒலி, ஒளிக் கருவியிலும் பதியவேண்டும் என்றும் 26ஆம் பிரிவு கூறுகிறது. ‘மாமா என்னை அடித்தார்’ என்ற வரி மட்டும் தாளில் நின்றால், அதற்கு முன் எழுந்த வினா எது என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘என்ன நடந்தது, சொல்’ என்பதற்கு வந்த விடையா, ‘மாமா அடித்தார்தானே?’ என்பதற்கு ஆட்டிய தலையா? அதைக் காட்டவல்லது அந்தப் பதிவு ஒன்றே.