பிள்ளையைச் சேர்க்க எந்தப் பள்ளிக்கூடம்? தாம்பரம் பெற்றோர்களே, வேனில் ஏற்றும் முன் பாருங்கள்!

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் பிள்ளைக்கு மூன்று வயது ஆனால் போதும், வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிடும். அரசுப் பள்ளியா? மெட்ரிகுலேஷனா?

"பக்கத்து வீட்டுப் புள்ள டை கட்டி வேன்ல போகுது, நம்ம புள்ள நடந்து போறதா?" என்பார் அம்மா. "சம்பளத்துல பாதி அங்கயே போயிடுமே" என்று தலையைச் சொறிவார் அப்பா. கடைசியில் ஜெயிப்பது பெரும்பாலும் வேன்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் 1-ம் வகுப்புக்கு 5 வயது ஆக வேண்டும். தனியார் பள்ளியோ 3 வயதிலேயே எல்.கே.ஜி.க்குக் கூப்பிடுகிறது. ஒருமுறை அங்கே போன பிள்ளையை யார் திருப்பி அழைத்து வருவார்கள்? இதைப் பார்த்துத்தான் அரசும் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் அது வந்து சேரவில்லை.

முடிச்சூர் பயங்கரம்

வேன் என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு பதறும் தேதி ஒன்று உண்டு. 25-7-2012. சேலையூர் தனியார் பள்ளி ஒன்றின் பஸ் மாலையில் முடிச்சூருக்கு வந்தது. உள்ளே 2-ம் வகுப்புச் சிறுமி. பஸ்சின் தரையில் ஓட்டை! அதன் வழியாகக் கீழே விழுந்த குழந்தை, சக்கரத்தில் சிக்கி அந்த இடத்திலேயே பரிதாபமாக இறந்தாள். ஆத்திரம் அடைந்த பொதுமக்கள் பஸ்சுக்குத் தீ வைத்தார்கள்.

அந்த மாதத்தில்தான் அந்த பஸ்சுக்கு எப்.சி. கொடுத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாளர் வேண்டும், அவசர வழி வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும்.

விதி பஸ்சுக்கு வந்துவிட்டது. ஆட்டோவில் புத்தகப் பையும் பிள்ளைகளுமாகத் திணித்துக்கொண்டு போவதற்கு? காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றால் தெரியும்.

கும்பகோணத்தில் 16-7-2004 அன்று 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். அந்த ஒரே கட்டடத்தில் அரசு உதவி பெறும் பள்ளியும் இருந்தது, தனியார் நர்சரியும் இருந்தது. தீ போர்டைப் பார்த்துப் பிடிக்கவில்லை. கூரை கீற்று. ஆகவே கட்டணம் கேட்கும் முன் மாடிப்படி எத்தனை, வெளியே வர வழி எங்கே என்று பாருங்கள்.

ஒரு கிலோ மீட்டர்

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். நடந்து போகிற தூரம். வேன் செலவே இல்லை. 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி, முட்டையுடன் மதியச் சாப்பாடு, 4 செட் சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். ஆங்கில வழி வகுப்பும் பல பள்ளிகளில் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும் என்கிறது அதே சட்டம். வகுப்போ ஐந்து! இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் படிப்பு. ஒருநாள் போய் டீச்சர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வருவது நல்லது.

டொனேஷனுக்கு 10 மடங்கு

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டு. கட்டணத்தை அரசு கட்டும். ஆனால் 2025-ல் மத்திய அரசின் நிதி வராமல் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது அதை நம்பியிருந்த பெற்றோர் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

இன்டர்வியூ என்று குழந்தையையோ பெற்றோரையோ சோதித்தால் பள்ளிக்கு ரூ.25 ஆயிரம் வரை அபராதம், மறுபடியும் செய்தால் ரூ.50 ஆயிரம் வரை. டொனேஷன் வாங்கினால் வாங்கிய தொகையைப்போல் 10 மடங்கு வரை அபராதம். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ரூ.1 லட்சம் வரை. சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. புகார் கொடுக்க ரசீது வேண்டுமே? பணம் கட்டிய பல பேர் சட்டைப் பையில் இருப்பது பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு.