ஓடாத ரயிலை ஓட வைத்த உடைந்த ஜீப்

எங்கள் சுரண்டையில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பாவூர்சத்திரத்துக்கோ தென்காசிக்கோ பஸ் ஏற வேண்டும். அதனாலோ என்னவோ, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் கொள்ளை ஆசை.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், அறிவியல் கண்காட்சிக்காக ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ரயில் செய்தான். பழைய குடைக்கம்பிகளை வரிசையாக ஒட்டி, இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டான். மருந்துப் பாட்டில் மூடிகள்தான் சக்கரம். சோப்பு டப்பாக்கள்தான் பெட்டிகள். பொம்மைக் கடையில் வாங்கிய சின்ன மோட்டாரைச் சக்கர அச்சோடு நேரடியாக இணைத்து, இரண்டு பேட்டரிகளையும் மாட்டிவிட்டான்.

கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் 'விர்ர்ர்' என்று சுற்றும். தண்டவாளத்தில் வைத்தால் 'உம்ம்ம்' என்று உறுமிவிட்டு நின்றுவிடும். மோட்டார் சூடாகும், அவ்வளவுதான்.

"சார், ஓட மாட்டேங்குது" என்று வந்து நின்றான். நான் பெரிய மேதாவி போல, "மோட்டாருக்குச் சக்தி போதவில்லை, இன்னொன்று வாங்கி மாட்டு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் இன்னொரு மோட்டாரோடு வந்தான். அவன் அம்மா பீடி சுற்றிய கூலியில் வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் மாட்டினான். இப்போது இரண்டு மோட்டார்கள் உறுமின, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. ரயில் நகரவில்லை. கண்காட்சிக்கு இரண்டே நாள்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வழி காட்டியது அதே வகுப்பில் படித்த ஒரு பெண். குற்றாலம் சீசன் கடையில் வாங்கி, மேல்கூடு உடைந்துபோன தம்பியின் பேட்டரி ஜீப்பைக் கொண்டுவந்தாள். "சார், இதிலும் இதே மோட்டார்தான் இருக்கு. ஆனா இது புத்தகத்து மேலேயே ஏறுதே?" என்று கேட்டாள். திருப்பிப் பார்த்தோம். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெள்ளை நிறத்தில் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருந்தன. கியர் என்கிறோமே, அதுதான்!

எண்ணிப் பார்த்தோம். மோட்டார் அச்சில் இருந்த குட்டிச் சக்கரத்துக்கு 8 பல். அது 32 பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றியது. குட்டி நான்கு முறை சுற்றினால்தான் பெரியது ஒரு முறை சுற்றும். பெரியதன் முதுகில் மறுபடியும் 8 பல் சக்கரம் ஒன்று. அது இன்னொரு 32 பல் சக்கரத்தைச் சுற்றியது. நாலு நாலு பதினாறு. மோட்டார் 16 முறை சுற்றினால் வண்டிச் சக்கரம் ஒரே ஒரு முறை சுற்றும்.

வேகம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே, நஷ்டமல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. சுழற்றும் விசை ஏறத்தாழ 16 மடங்கு கூடிவிடுகிறது. பற்கள் உரசுவதில் கொஞ்சம் வீணாகும், அவ்வளவே.

இப்போது ஒரு கணக்கு. மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நொடிக்கு 100 சுற்று. 2 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 6.28 செ.மீ. நகரும். நேரடியாக இணைத்தால் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும்! இரண்டு மீட்டர் தண்டவாளத்துக்கு அந்த வேகம் எதற்கு? பதினாறால் வகுத்தால் நொடிக்கு 39 செ.மீ. கடைசிவரை போக ஐந்து நொடி. ரயில் ரயிலாகத் தெரியும்.

ஜீப்பின் பல்சக்கரங்களை அப்படியே எடுத்து ரயிலில் பொருத்தினோம். முதலில் பற்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டன. தளர்த்தினால் 'கரகர' என்று வழுக்கின. நோட்டுத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கொடுத்து அழுத்தி, அந்த நிலையிலேயே மோட்டாரை ஒட்டிவிட்டுத் தாளை உருவினோம். சரியான இடைவெளி கிடைத்துவிட்டது! நீங்களும் செய்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் போகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டுப் போதும்.

கண்காட்சியில் நான்கு சோப்பு டப்பாக்களை இழுத்துக்கொண்டு ரயில் ஓடியது. ஒரே மோட்டாரில்! மிச்சமான இரண்டாவது மோட்டாரை அவனிடமிருந்து நானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வெளிநாடுகளில் மாதிரி ரயில் ஓட்டுவதைப் பெரியவர்களே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். உண்மையான ரயிலை 87 மடங்கு சுருக்கிச் செய்யும் அளவு அங்கே மிகவும் பிரபலம். அந்த எஞ்சின்களில் மோட்டார் அச்சில் திருகாணி போல ஒரு புரி இருக்கும். புரி ஒரு முறை சுற்றினால் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 30 பல் இருந்தால் ஒரே அடியில் 30 மடங்கு! பழைய எஞ்சினில் பிளாஸ்டிக் சக்கரம் விரிசல் விட்டு 'டக்... டக்' என்று சத்தம் வந்தால், உறுதியான புதுச் சக்கரம் வாங்கி மாற்றுவார்கள். எஞ்சின் வேகமாகப் பாய்ந்தால் பல் எண்ணிக்கையையே மாற்றுவதும் உண்டு.

பொம்மைக்கு மட்டும்தான் இந்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ரயில்வேயே செய்திருக்கிறது. டபிள்யூ.ஏ.ஜி.-9 என்பது சரக்கு ரயில் இழுக்கும் மின்சார எஞ்சின். 6,000 குதிரைத்திறனுக்கும் மேல். அதன் மோட்டாரில் இருக்கும் சின்னச் சக்கரத்துக்கு 15 பல், சக்கர அச்சில் இருக்கும் பெரிய சக்கரத்துக்கு 77 பல். இழுவை அபாரம். ஆனால் வேகம் மணிக்கு 100 கி.மீ.தான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் அதே எஞ்சினைப் பயணிகள் ரயிலுக்கு ஏற்ப மாற்றினார்கள். முக்கியமாக என்ன மாற்றினார்கள் தெரியுமா? பல்லைத்தான்! 20 பல், 72 பல். டபிள்யூ.ஏ.பி.-7 பிறந்தது. அது 140 கி.மீ. வேகம் போகும். ஆனால் புறப்படும்போது இழுக்கும் விசை சுமார் 47 டன்னிலிருந்து 33 டன்னாகக் குறைந்துவிட்டது. ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. 15-ஐயும் 77-ஐயும் கூட்டுங்கள். 92. 20-ஐயும் 72-ஐயும் கூட்டுங்கள். அதே 92! பல்லின் அளவு மாறாமல், கூட்டுத்தொகையும் மாறாமல் இருந்தால் இரண்டு அச்சுகளுக்கும் உள்ள இடைவெளியும் மாறாது. மோட்டாரை நகர்த்தாமலே சக்கரங்களை மாற்றிவிடலாம்.

நான் சொன்ன 'இன்னொரு மோட்டார்' யோசனையும் சுத்த அபத்தம் அல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மீட்டர் கேஜ் காலத்தில், செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையேறும் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் வைத்துத் தள்ளுவார்கள்!

அடுத்த முறை தென்காசி நிலையத்தில் நிற்கும்போது எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் படியுங்கள். 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை. 'ஏ' என்றால் மாற்று மின்னோட்டத்தில் ஓடுவது, 'டி' என்றால் டீசல். அடுத்து 'பி' இருந்தால் பயணிகள் ரயிலுக்கு, 'ஜி' இருந்தால் சரக்கு ரயிலுக்கு. எழுத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே எது வேகத்துக்கான பல், எது இழுவைக்கான பல் என்று பக்கத்தில் நிற்கும் அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.