மழை விட்டது... எலிக்காய்ச்சல் விட்டதா?

ஐப்பசி, கார்த்திகையில் மதுரைக்குள் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடுவார்கள். "மழையில நனைஞ்சிட்டேங்கய்யா, அதான்" என்று எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். நனைந்தது தலையா, காலா என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். ஆனால் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்பதல்ல. முழங்கால் அளவு தெருத் தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தவர் என்றால், நான் முதலில் பார்ப்பது அவருடைய கண்ணையும் கெண்டைக்காலையும்தான்.

சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் சுரத்தை 64 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். காய்ச்சல் எல்லாம் ஒன்றல்ல என்பது நம் முன்னோருக்கு அப்போதே தெரியும். இன்றைய கணக்கில், மழைக்காலக் காய்ச்சலில் ஒரு பங்கு வைரஸால் வருவது; டெங்கு அதில்தான் சேரும். இன்னொரு பங்கு பாக்டீரியா என்ற நுண்கிருமியால் வருவது. நம் பக்கத்தில் இந்த இரண்டாவது ரகத்தில் மூன்று முக்கியம்.

ஒன்று, டைபாய்டு. அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வயிற்றுக்குள் போகிறது. காய்ச்சல் படிப்படியாக ஏறும். நாக்கு வெள்ளை படியும். வயிறு மந்தமாக இருக்கும், மலச்சிக்கலோ பேதியோ வரும். இரண்டாவது, உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ். புதர், புல்வெளியில் இருக்கும் மிகச்சிறிய பூச்சியின் கடியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில் இருப்பதால் நாமே தேடிப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் அது இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் எலிக்காய்ச்சல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இதற்கும் நம் மதுரைக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1993-ல் வந்த கணக்கு

1993-ம் வருட வடகிழக்குப் பருவமழை பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். மதுரை வட்டாரமே வெள்ளக்காடானது. தண்ணீர் வடிந்தது, ஊரும் மறந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில், 1994-ல், அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி வருகிறவர்கள் திடீரென்று அதிகமானார்கள். பெரும்பாலும் ஆண்கள், உழைக்கிற வயதுக்காரர்கள். கண்ணுக்குள் இருக்கும் நடு அடுக்கில் அழற்சி. கண் டாக்டர்கள் இதை யுவியைட்டிஸ் என்பார்கள். அது எப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிற நோய். இப்படிக் கூட்டமாக ஒரே சமயத்தில் வருவது வழக்கமில்லை.

டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம், டாக்டர் பி. நம்பெருமாள்சாமி ஆகியோரைக் கொண்ட குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. காரணம் கண்ணில் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு பரவிய எலிக்காய்ச்சலில் இருந்தது. அதன் பின்விளைவாகக் கண் பாதிக்கப்பட்ட 73 பேரைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை, 1997-ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. எலிக்காய்ச்சலால் கண் கெடும் என்ற விஷயத்தில் உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துக் காட்டும் சான்று நம் வைகைக்கரை ஊர்தான். பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை!

(குதிரைக்கும் இதே கிருமியால் இதே மாதிரி கண்நோய் வருவதுண்டு. விட்டுவிட்டு வருவதால், நிலா வளர்வதும் தேய்வதும்தான் காரணம் என்று அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் நம்பினார்கள். 'நிலாக் குருடு' என்றே அதற்குப் பெயர்.)

எலி கடித்தால் வருவதா?

பெயரைக் கேட்டதும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடிக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லலாம். எலி, பெருச்சாளியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்ற இந்தக் கிருமி நிம்மதியாகக் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. அதன் சிறுநீர் வழியாகக் கிருமி வெளியே வரும். மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் வரலாம். காய்ந்த தரையில், வெயிலில் அது செத்துப்போகும். ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாக்கடை, தொழுவம், எலிவளை எல்லாவற்றையும் மழை ஒன்றாகக் கலக்கித் தெருவில் விடும்போது, அதில் நாம் கால் வைக்கிறோம்.

முழுத் தோல் வழியாக அது சுலபத்தில் நுழையாது. சின்னக் கீறல் போதும். சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சிராய்ப்பு எதுவானாலும் சரி. நீண்ட நேரம் ஊறி வெளுத்த பாதமும் போதும். கண், மூக்கு, வாய் ஈரத்தோல் வழியாகவும் போகும். அழுக்குத் தண்ணீரில் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொற்றுகிறது. சோழவந்தான், மேலூர் பக்கம் நாற்று நடுகிறவர்கள், தொழுவம் கூட்டுகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதற்காக மாடிவீட்டுக்காரருக்கு வராது என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததே! கூடத்தில் நின்ற தண்ணீரை வெறுங்கையால் அள்ளிக் கொட்டியவர்களும், மூழ்கிப்போன தொட்டிக்குள் இறங்கிக் கழுவியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலில் புண் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கிருமி புகுந்து பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் காய்ச்சல் வரும். டைபாய்டு மாதிரி படி ஏறாது, திடுதிப்பென்று வரும். குளிர் நடுக்கம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி எல்லாம் இருக்கும். இவை டெங்குவிலும் உண்டு. இதற்கென்று இரண்டு அடையாளங்கள் உண்டு. கெண்டைக்காலிலும் இடுப்பிலும் வலி. லேசாக அமுக்கினாலே துடித்துவிடுவார்கள். "கெண்டைக்காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க, படிக்கட்டு ஏற முடியல" என்று அவர்களே சொல்வார்கள். இன்னொன்று கண் சிவப்பு. 'மெட்ராஸ் ஐ' வந்தால் கண்ணில் பீளை கட்டும், உறுத்தும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். இதில் கண் ரத்தச் சிவப்பாக இருக்கும், ஆனால் பீளை இருக்காது.

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இது இந்த அளவிலேயே ஒரு வாரத்தில் தணிந்துவிடும். மீதிப் பேருக்குத்தான் பிரச்சினை. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் 1886-ல் விவரித்த கடுமையான வடிவம் அது. கண்ணும் உடம்பும் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், மூக்கிலோ சளியிலோ ரத்தம் வரும், மூச்சு வாங்கும். உயிர் போகும் நிலை.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. கண் மஞ்சளானதும் "காமாலை" என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, பத்தியம் போட்டு வீட்டிலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள். கீழாநெல்லி நல்ல மூலிகை, நானும் கொடுக்கிறவன்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வைரஸால் வரும் சாதாரணக் காமாலையில், மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும்போது காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். எலிக்காய்ச்சலில் மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்தே நிற்கும், கூடவே சதைவலியும் இருக்கும். இப்படி இருந்தால் கீழாநெல்லி தேடிக் கொல்லைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அன்றைக்கே.

சித்த வைத்தியராக இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று என் நண்பர்களே கேட்பார்கள். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சலின் வேகத்தைத் தணிக்கும், உடம்புவலியைக் குறைக்கும் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. சிறுநீரகத்தைத் தாக்குகிற இந்தக் கிருமியை அது கொல்லும் என்று சொல்ல மாட்டேன். இதற்கு டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன. விலையும் அதிகமில்லை. முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மருந்து மாறும். மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டு "எலிக்காய்ச்சலுக்கு ஒரு பட்டை குடுங்க" என்று வாங்குகிற விஷயமல்ல. வலிக்கு நீங்களாக டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வதும் கூடாது. ஏற்கெனவே அடிவாங்கும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. எவ்வளவு சிறுநீர் போகிறது என்று வீட்டில் உள்ளவர்கள் கவனித்தாலே பெரிய உதவி.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான பொருளைத் தேடும் சோதனை முதல் சில நாட்களில் 'இல்லை' என்றே காட்டலாம். உடம்பு அதைத் தயாரிக்கவே ஒரு வாரம் ஆகும். அதனால் 'நெகட்டிவ்' என்ற தாளைப் பார்த்து நிம்மதியாகிவிடாமல், தண்ணீரில் நடந்ததையும் கெண்டைக்கால் வலியையும் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காலுக்கு என்ன செய்வது?

வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முட்டி வரை மூடும் ரப்பர் பூட்ஸ் நல்லது. இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்கு மத்தன் தைலம் போடலாம். ஆனால் தைலம் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கலாம் என்று அர்த்தமல்ல. வெள்ளம் புகுந்த வீட்டைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் இந்தக் கிருமிக்குப் போதும். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுங்கள். 2018 ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம் வந்தபோது, தண்ணீரில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். அவர்கள் பேச்சில் இது 'எலிப்பனி'. பனி என்றால் அங்கே காய்ச்சல். அப்படிப்பட்ட தடுப்பு மருந்து சுகாதாரத்துறை சொன்னால் எடுத்துக்கொள்ள வேண்டியது. வீட்டில் நாய் இருந்தால் அதற்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இந்த நோய்க்கும் சேர்த்தே உண்டா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்றால், ஒட்டுவது மிக மிக அபூர்வம். தட்டு, டம்ளரைப் பிரித்து வைத்து நோயாளியின் மனதைப் புண்படுத்த வேண்டாம். அவர் சிறுநீர் கழிப்பறைக்குள் போகட்டும். உதவி செய்கிறவர் கையை நன்றாகக் கழுவட்டும்.

கடைசியாகக் கண். காய்ச்சல் விட்டுச் சில வாரமோ, பல மாதமோ கழித்து ஒரு கண்ணோ இரண்டுமோ சிவந்து வலிக்கலாம். வெளிச்சம் பார்க்க முடியாது, பார்வையில் கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள் தெரியும், எழுத்து மங்கும். "சூடுதான்" என்று விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் விட வேண்டாம். கண் டாக்டரிடம் போய், இத்தனை மாதத்துக்கு முன்னால் மழைத் தண்ணீரில் நடந்து காய்ச்சலில் படுத்தேன் என்று சொல்லுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், பாப்பாவை விரிக்கும் மருந்தும் கொடுப்பார்கள். நேரத்தோடு போனவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடுகிறது. சிவப்பு குறைந்ததும் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிலருக்குப் பிறகு கண்புரை விழும். அது அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியதுதான்.