இன்ஜினைக் கழற்றாமல் திரும்பும் ரயில்

மைசூரிலிருந்து மயிலாடுதுறை வரை ஓடிக்கொண்டிருந்த விரைவு ரயில் 2024இல் கடலூர் துறைமுகம் சந்திப்பு வரை நீட்டிக்கப்பட்டது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் அதனால் பெரிய வசதி. ஆனால் இன்ஜின் ஒரு முனையில் மட்டும் பூட்டப்பட்ட எந்த ரயிலும் கடைசி நிலையத்துக்கு வந்ததும் ஒரு சடங்கைச் செய்தே ஆக வேண்டும். பாயின்ட்ஸ்மேன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இறங்கி, காற்றுக் குழாய்களைக் கழற்றி, கப்ளிங்கை விடுவிப்பார். இன்ஜின் தனியாக முன்னே போகும். பாயின்ட் மாறும், சிக்னல் விழும், பக்கத்துத் தண்டவாளம் வழியாக இன்ஜின் ரயிலின் வால் பக்கம் வந்து சேரும். மறுபடி பூட்டி, பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் வரும்வரை காற்றேற்றி, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் புறப்பாடு. இருபது நிமிடமோ அரை மணி நேரமோ ஆகிவிடும். அவ்வளவு நேரமும் ரயில் நிற்கும் தண்டவாளம் மட்டுமல்ல, இன்ஜின் சுற்றி வரும் தண்டவாளமும் வேறெதற்கும் பயன்படாது. மூன்று நான்கு தண்டவாளங்களே உள்ள ஊர்களில் இது சின்ன இழப்பு இல்லை.

இந்தச் சடங்கு முழுவதையும் ஒழிப்பதுதான் புஷ்-புல் முறை. ரயிலின் இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். ஒரு பக்கம் இன்ஜின், மறுபக்கம் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்திய பெட்டி என்று இருக்கலாம். இரு பக்கமும் இன்ஜின் என்றும் இருக்கலாம். ஊர் வந்ததும் லோகோ பைலட் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய் அமர்ந்தால் போதும். வரும்போது இழுத்த இன்ஜின் போகும்போது தள்ளும்.

விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகும் மெயின் லைனை நேசிக்கிற ரயில் ஆர்வலர்கள் கூடினால், பழைய பெட்டிகளைப் புதுப்பித்து இப்படிப்பட்ட பயணிகள் ரயில்களை இங்கே விடலாமா என்ற பேச்சு வராமல் இருக்காது. உடனே எதிர்க்கேள்வியும் வரும்: பின்னால் இருந்து தள்ளினால் பெட்டிகள் தடம் புரளாதா? நல்ல கேள்வி. இதற்குப் பொறியியலில் தெளிவான பதில் உண்டு.

தள்ளும் ரயில் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயில் 1899 முதல் தள்ளித்தான் ஓடுகிறது. நீராவி இன்ஜின் எப்போதும் இறக்கத்தின் பக்கம், அதாவது ஏறும்போது கடைசியில் இருக்கும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தில் கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும் என்பதே காரணம். இன்ஜின் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் காட்டும் கொடிகளே அவருக்குக் கண். புஷ்-புல் முறையின் அடிப்படைச் சிக்கல் இதில் அப்படியே இருக்கிறது: பாதையைப் பார்ப்பவர் ஓரிடத்தில், விசை பிறப்பது வேறிடத்தில். இரண்டையும் எப்படி இணைப்பது?

நீராவிக் காலத்து இங்கிலாந்தில் ஓட்டுநர் முன்பெட்டியில் உட்கார்ந்து நீண்ட இரும்புத் தண்டுகள் வழியாகப் பின்னால் உள்ள இன்ஜினின் ஆவி வால்வைத் திருப்பினார். தீயெரிப்பவர் மட்டும் இன்ஜினில் இருந்தார். இருவரும் மணியடித்துப் பேசிக்கொண்டார்கள். தண்டு மூலம் இயக்குவதால் ஓரிரு பெட்டிகளுக்கு மேல் தாங்கவில்லை. மின்கம்பிகள் வந்த பிறகுதான் இந்த முறை வளர்ந்தது. முன்னால் இருப்பவர் கைப்பிடியை நகர்த்தினால் அந்தக் கட்டளை பெட்டிகளின் ஊடாக ஓடும் கம்பியிலோ, இப்போது வானொலி அலையிலோ பின்னால் போய்ச் சேர்கிறது.

1967இல் லண்டனிலிருந்து பூர்ன்மவுத்துக்கு ஓடத் தொடங்கிய ரயில்கள்தான் எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்தவை. பிரிட்டிஷ் ரயில்வே புதுப் பெட்டிகளுக்குக் காசு கொட்டவில்லை. இன்ஜின் இழுத்துக்கொண்டிருந்த பழைய பெட்டிகளையே பணிமனையில் மாற்றியமைத்து, முனைப் பெட்டிகளில் ஓட்டுநர் அறை வைத்தது. பின்னால் மோட்டார் பொருத்திய, ஆற்றல் மிகுந்த ஒரு மின்ரயில் தொகுதி அவற்றை மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பிரிட்டன் ஓட்டிக் கழித்த பெட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்து, தன் 1,067 மில்லிமீட்டர் பாதைக்கேற்பச் சக்கரத் தொகுதிகளை மாற்றி, ஒரு முனையில் ஓட்டுநர் அறையும் மறுமுனையில் பழைய டீசல் இன்ஜினும் வைத்து 2004 முதல் பத்தாண்டுக்கு மேல் புறநகர் ரயில்களாக ஓட்டியது. மின்ரயில்கள் வந்த பிறகுதான் அவை ஓய்வு பெற்றன.

இனி தள்ளினால் தடம் புரளாதா என்ற கேள்விக்கு வருவோம். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கரும்பு ஏற்றிய இரண்டு டிரெய்லர்களை டிராக்டர் இழுத்துப் போகும்போது அவை தாமாகவே நேராக வரும். அதையே பின்னோக்கித் தள்ளினால் நடுவில் மடிந்துகொண்டு நிற்கும். இழுக்கும்போது இணைப்புகள் இறுகி, விலகிய பெட்டியையும் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். தள்ளும்போது இணைப்புகள் நசுங்க, சிறிய விலகலும் பெரிதாகப் பார்க்கும். டிராக்டருக்கும் ரயிலுக்கும் உள்ள வேறுபாடு தண்டவாளம்தான். பெட்டி மடியாமல் அது தடுக்கிறது. ஆனால் மடிய விரும்பும் விசை மறைந்துவிடுவதில்லை. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தை அழுத்தும் விசையாக மாறுகிறது.

அந்தப் பக்கவாட்டு விசையைச் சக்கரத்தைக் கீழே அழுத்தும் எடையால் வகுத்தால் ஓர் எண் வரும். அது ஓர் எல்லையைத் தாண்டினால் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறத் தொடங்கும். பிரெஞ்சுப் பொறியாளர் நடால் வகுத்த இந்த அளவுகோலை உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்பின் ரகசியம் இதிலேயே கிடைத்துவிடுகிறது. பக்கவாட்டு விசையைக் குறைக்க வேண்டும், அல்லது சக்கரத்தின் மேல் எடை போதுமான அளவு இருக்க வேண்டும். பயணிகள் ரயில் சரக்கு ரயிலைவிடப் பல மடங்கு லேசானது, தேவைப்படும் தள்ளு விசையும் குறைவு. அதனால்தான் உலகின் பல நாடுகளில் புஷ்-புல் ரயில்கள் அன்றாடக் காட்சி.

இணைப்பின் வகை இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. சென்னை ஐ.சி.எஃப். ஆலையின் பழைய வடிவமைப்பில் வந்த நம் பெட்டிகள் பலவற்றில் நடுவே திருகுக் கப்ளிங்கும் இரு ஓரங்களில் பஃபர்களும் இருக்கும். தள்ளும் விசை முழுவதும் அந்த ஓரப் பஃபர்கள் வழியாகப் போகும். வளைவில் உட்பக்கத்துப் பஃபர் அதிகம் நசுங்கி, பெட்டியைத் திருப்பப் பார்க்கும். நிலையத்தில் ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறும் எஸ் வடிவ வளைவில் இந்தத் தொல்லை மிகுதி. மாறாக நடுவில் இருக்கும் ஒற்றைக் கப்ளர் வழியாகவே இழுவிசையும் தள்ளுவிசையும் போனால் இந்த முறுக்கு வெகுவாகக் குறையும். பழைய பெட்டியைப் புஷ்-புல்லுக்குப் புதுப்பிப்பது என்றால் இருக்கைக்கு உறை மாற்றி வண்ணம் அடிப்பது அல்ல. முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது, முன்னால் போகிற பெட்டியின் எடை. 1984 ஜூலை 30 அன்று ஸ்காட்லாந்தின் பால்மண்ட் அருகே, எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோவுக்கு விரைந்த ரயில் பாதையில் நின்ற ஒரு மாட்டின் மீது மோதியது. இன்ஜின் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் போனது பழைய பயணிகள் பெட்டி ஒன்றை மாற்றி ஓட்டுநர் அறை வைத்த லேசான பெட்டி. மாடு அதன் அடியில் சிக்க, பெட்டி தடம் புரண்டது. பின்னால் இருந்து வந்த உந்துதலும் சேர்ந்துகொண்டது. 13 பேர் இறந்தார்கள். இதற்குப் பிறகுதான் இத்தகைய முன்பெட்டிகளுக்குத் தடைகளை ஒதுக்கித் தள்ளும் கனமான இரும்புத் தடுப்பு கட்டாயமானது. பாதையோர வேலிகளும் கவனிக்கப்பட்டன. வயல்களும் மேய்ச்சல் நிலமும் நடுவே ஓடும் மெயின் லைனுக்கு இது எங்கோ நடந்த செய்தி அல்ல. 2022இல் குஜராத்தில் வந்தே பாரத் ரயில் எருமைகள் மீது மோதி முகப்பு உடைந்ததையும் நாம் பார்த்தோம்.

அம்ரித் பாரத் ரயிலை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவை இந்தக் கோணத்தில் பார்க்கும்போது அதன் அருமை தெரியும். 2023 டிசம்பர் 30 அன்று அயோத்தியில் தொடங்கி வைக்கப்பட்ட இந்த வகை ரயிலின் பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் பிறந்தவை. குளிர்சாதனம் இல்லாத 22 பெட்டிகள், இரு முனையிலும் சித்தரஞ்சன் ஆலையில் மாற்றியமைத்த டபிள்யூ.ஏ.பி.-5 மின் இன்ஜின்கள். தள்ளினாலும் இழுத்தாலும் முன்னால் போவது 78 டன் எடையுள்ள இன்ஜின்தான். லேசான முன்பெட்டி என்ற ஆபத்தே இல்லை. இந்த இன்ஜினின் பூர்வீகம் சுவிட்சர்லாந்து. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின்கள் அங்கே இரட்டை அடுக்குப் பெட்டிகளை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு போகின்றன.

இரண்டு இன்ஜின்களால் இன்னொரு நன்மையும் உண்டு. முன் இன்ஜின் பாதி ரயிலை இழுக்கிறது, பின் இன்ஜின் மீதிப் பாதியைத் தள்ளுகிறது. நடுவில் எங்கோ ஒரு கப்ளரில் இழுப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. எந்த இணைப்பும் முழு ரயிலின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போதும் இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் காற்றை வெளியேற்றலாம். அழுத்தம் குறையும் செய்தி குழாயில் ஒலியின் வேகத்தைவிட மெதுவாகத்தான் பயணிக்கும். அரை கிலோமீட்டர் நீள ரயிலில் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர இரண்டு நொடி வரை ஆகலாம். இரு பக்கமும் திறந்தால் பாதி நேரம்தான், முன்னும் பின்னும் இடித்துக் குலுங்குவதும் குறையும். மும்பையிலிருந்து டெல்லிக்கு நாசிக் வழியாகப் போகும் ராஜதானியில் 2019இல் இரு முனை இன்ஜின் வந்த பிறகு, 37க்கு 1 என்ற கசாரா மலை ஏற்றத்தில் துணை இன்ஜின் சேர்க்க நிற்கும் வழக்கம் ஒழிந்தது.

அப்படியென்றால் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்கு எல்லா ஊரிலும் நின்று போகும் ரயிலையும் புஷ்-புல் ஆக்கலாமா? வேண்டாம் என்பேன். 2010இல் அகலப் பாதையாகி, 2020 வாக்கில் மின்மயமான இந்தப் பாதையில், தனி இன்ஜின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் உள்ள மெமு ரயில் சரியான தேர்வு. கடலூர் துறைமுகத்தை விட்டால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம் என்று ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வந்துவிடுகிறது. நின்று நின்று புறப்படும் ரயிலுக்கு வேண்டியது உடனடி வேகமெடுப்பு. அது ரயிலின் மொத்த எடையில் எவ்வளவு பங்கு மோட்டார் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மெமுவில் வழக்கமாக நான்கு பெட்டிக்கு ஒன்று மோட்டார் பெட்டி, ஏறத்தாழ கால் பங்கு. 22 பெட்டி அம்ரித் பாரத்தில், பயணிகளோடு ஒரு பெட்டி 50 டன் என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பெட்டிகளை 12ஆகக் குறைத்தால் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றாக உயர்ந்துவிடும். பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம், சீர்காழி போன்ற ஊர்களில் மட்டும் நின்று, காலையில் சென்னைப் பக்கம் போய் மாலையில் திரும்பும் பகல்நேர ரயிலுக்கு அது தாராளம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்களும் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறவர்களும் வேலைக்காகத் தாம்பரம் போகிறவர்களும் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றே பயணிக்கும் பாதை இது. அவர்களுக்கு வேண்டியது கூடுதல் இருக்கைகள், அதுவும் இப்போதே.

பெட்டிகளுக்கும் பஞ்சமில்லை. 2018 ஜனவரியில் ஐ.சி.எஃப். ஆலை தன் பழைய வடிவமைப்பில் கடைசிப் பெட்டியைக் கட்டி முடித்து, முழுவதுமாக எல்.எச்.பி. என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. எல்.எச்.பி. பெருகப் பெருக, பழைய பெட்டிகள் பல கார்களை ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளாக மாற்றப்படுகின்றன. நல்ல உடல் உறுதியோடு இருக்கும் பெட்டிகளில் ஒரு பகுதியையாவது அதற்கு முன்பாகத் தேர்ந்தெடுத்து, நடுக் கப்ளர் பொருத்தி, கட்டுப்பாட்டுக் கம்பி ஓட்டி, இருக்கை அமைப்பை மாற்றினால் பகல்நேரப் பயணிகள் ரயிலாக ஓட்டலாம் என்ற ஆர்வலர்களின் வாதம் எனக்கு முற்றிலும் நியாயமாகப் படுகிறது. இரு முனையிலும் இன்ஜின் வைப்பது செலவு என்று சொல்லி லேசான ஓட்டுநர் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் என் உறுதியான கருத்து. செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் முன்பெட்டியின் அடியில் எடை சேர்த்து, கனமான இரும்புத் தடுப்பு வைத்து, கால்நடைகள் கடக்கும் இடங்களில் வேலி போட்ட பிறகு செய்யலாம்.

திருச்சி பொன்மலைப் பணிமனையும் பெரம்பூர் பணிமனைகளும் நீண்ட கால அனுபவம் உள்ளவை. இந்த வேலை அவற்றின் கைக்கு எட்டாததல்ல. ஒரே ஒரு 12 பெட்டி ரேக்கைத் தயாரித்து, லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் அதிர்வுச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். காலியாகவும் முழுச் சுமையோடும், இழுத்தும் தள்ளியும், வளைவிலும் நிலைய பாயின்ட்டுகளிலும் சக்கர விளிம்பின் விசையை அளக்க வேண்டும். அந்த அளவுகள் எல்லைக்குள் வந்தால், விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையிலான 122 கிலோமீட்டரிலேயே முதல் சோதனை ஓட்டத்தைத் தொடங்கலாம்.